டோக்கன் இல்லாத கை

ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

வாலு எழுதுகிறேன். நான் நலம், என் பசி என்னைவிட நலம். நீ எப்படி இருக்கிறாய்? 'ம், இருக்கேன்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. இது கடிதம். சிக்னல் போய்விட்டது என்று நடுவில் நழுவ முடியாது.

என் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதை ஹாஸ்டல் வார்டன் உனக்குச் சொல்லியிருப்பார். என் தரப்பையும் கேள். நாங்கள் எல்லோரும் போர்த்திக்கொண்டு நடுங்குகிற காலைக் கூட்டத்தில் அந்த அம்மா மட்டும் வருகைப் பதிவு நோட்டால் விசிறிக்கொண்டே பேசுவார். நான் அதை நடித்துக் காட்டினேன். 'வார்டன் இல்லை, வார்ஃபேன்' என்று ஒரு பெயரும் சூட்டினேன். யாரோ அதைப் படம்பிடிக்க, படம் சுற்றிச் சுற்றி வார்டன் கைக்கே போய்விட்டது. தேர்வு முடியும்வரை போன் கிடையாது.

ஒரு உதவி. இங்கே என் பேய்க்கதை வியாபாரம் படுத்துவிட்டது. சின்ன வகுப்புக் குட்டிகள் கொட்டாவி விடுகிறார்கள். அவர்களுக்கு நிஜத்தில் நடந்ததுதான் வேண்டுமாம். உன் குளிர்பதனக் கிடங்கில் ஏதாவது சரக்கு இருந்தால் அனுப்பு. பட்டாணி வேண்டாம், பேய் போதும்.

சாப்பிடு, தூங்கு.
உன் அருமை மகள், சிலர் பார்வையில் அறுவை மகள்,
வாலு


ஜூன் 25

அன்பு வாலுக்கு,

இங்கே நான் நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். உன் நீல ஸ்வெட்டரைத் துவைத்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

வார்டனைக் கேலி செய்ததை நான் ரசிக்கவில்லை. அது இருக்கட்டும். நீ கேட்டது நிஜமாகவே இங்கே நடந்திருக்கிறது.

எங்கள் பெரிய குளிரறை உனக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அழுதாய். கனத்த இரும்புக் கதவு, அதில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. உள்ளே போகிறவர்கள் அவரவர் எண் போட்ட டோக்கனை வெளியே உள்ள பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணியில் டோக்கன் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. பலகை காலி என்றால் அறையும் காலி. அந்தப் பலகைக்குப் பொறுப்பு நான்தான்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில், பெட்டிகளை ஏற்றி இறக்கும் தூக்குவண்டியை ஓட்டும் அக்கா அந்தப் பக்கம் போயிருக்கிறாள். பலகை காலி. ஆனால் கண்ணாடி வழியாகப் பார்த்தால், பெட்டி வரிசைக்கு நடுவே ஒரு உருவம். தலையிலிருந்தும் தோளிலிருந்தும் புகை எழுந்துகொண்டிருந்ததாம். இவள் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வந்து கதவைத் திறந்தபோது யாரும் இல்லை. கதவின் உள்பக்கம் படிந்திருந்த உறைபனியில் மட்டும் ஒரு கை பதிந்திருந்தது. அந்த இடத்தில் பனி உருகி, இரும்பு தெரிந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். நானும் அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

உன் நீல ஸ்வெட்டரைத் துவைத்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

அம்மா


ஜூலை 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல், பேயின் நலமறியப் பேராவல்.

அமோக வெற்றி. விளக்கை அணைத்துவிட்டு, ஈரக் கையைக் கண்ணாடி ஜன்னலில் வைத்து எடுத்தேன். ஒரு குட்டி என் கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. இப்போது ஹாஸ்டல் முழுக்க 'டோக்கன் பேய்' என்றுதான் பேச்சு. பாத்ரூம் போகிறவள்கூடக் கதவில் சீப்பை மாட்டிவிட்டுப் போகிறாள்.

ரசிகைகள் கேட்கிற சந்தேகங்கள்: கை பெரிதா, சிறிதா? ஆணா, பெண்ணா? பேய்க்கு எப்படிச் சூடு வரும்? பேய் என்றால் சில்லென்று அல்லவா இருக்க வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நானே முழித்தேன்.

அப்புறம், நீ ஸ்வெட்டர் செய்தியை இரண்டு முறை எழுதியிருக்கிறாய், ஒரு எழுத்துக்கூட மாறாமல். எனக்கு ஒன்று, பேய்க்கு ஒன்றா? உன் கடிதத்தில் அங்கங்கே நீர்ச்சொட்டு விழுந்து மை கரைந்திருக்கிறது. வீடு ஒழுகுகிறதா? இங்கே மழையே இல்லையே.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் வியாபாரப் பங்காளி,
வாலு


ஜூலை 17

அன்பு வாலுக்கு,

நலம். வீடு ஒழுகவில்லை. ஜன்னலெல்லாம் திறந்துதான் வைத்திருக்கிறேன். போர்வைகளை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். ஸ்வெட்டரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேடுகிறேன்.

உன் ரசிகைகளுக்குச் சொல். பெண் கை என்கிறார்கள். வலது கை, சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. எப்போதும் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகுதான் தெரிகிறது. பெண்கள் யாரும் இப்போது தனியாக உள்ளே போவதில்லை.

நேற்று இரண்டு கைகள் இருந்தன. ஒன்று வழக்கமான வலது. கொஞ்சம் தள்ளி, அதைவிட உயரத்தில், ஒரு இடது கை. அதன் மோதிர விரல் அடியில் பட்டையாக ஒரு தடம். அதைப் பார்த்ததும் எனக்கே உடம்பு சில்லிட்டது.

வேறு விசேஷம் இல்லை. கிடங்கில் சரக்கின் தரம் பார்ப்பவரை, நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவரை, மூட்டை கட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு தடவை எடையைத் தப்பாகச் சொன்னாராம். "இந்த வயசுக்கு மேல பொம்பளைங்களுக்குக் கவனம் நிக்காது" என்று மேனேஜரம்மா எல்லோர் முன்னாலும் சொன்னார். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர்.

சில நேரம் பலகைக்கு முன்னால் நிற்கிறேன். எதற்காக எழுந்து வந்தேன் என்று தெரிவதில்லை. யாரோ கூட்டி வந்து நிறுத்திவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. நேற்று இரண்டு கைகள் இருந்தன.

நன்றாகப் படி.
அம்மா


ஜூலை 26

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ?

இந்தத் தடவை அந்தக் கேள்விக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் எழுது.

நேற்று மறுபடி காட்சி போட்டேன். வளைந்த சுண்டுவிரலைக் காட்ட வேண்டுமே என்று என் விரலை வளைத்துக் கண்ணாடியில் வைத்தேன். குட்டிகள் அலறினார்கள். நான் அலறவில்லை. எடுத்த கையை இறக்க மறந்து நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்தக் கையை எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து என் முதுகில் அச்சாகியிருக்கிற கை அது. கார் கதவில் நசுங்கி, சரியாக ஒட்டாமல் போன சுண்டுவிரல். கட்டு பிரித்த அன்று 'உன் விரல் என்னிடம் கோபித்துக்கொண்டு திரும்பிக்கொண்டது' என்று நான் சொல்ல, நீ சிரித்தாய்.

உலகத்தில் வளைந்த விரல் உனக்கு மட்டும்தானா, இருக்காது. பேய்க்கும் இருக்கலாம், பேய்க்கும் ஒரு கார் இருந்திருக்கலாம்.

அம்மா, மத்தியானம் நீ எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? யாரோடு?

உடனே எழுது.
வாலு


ஆகஸ்ட் 9

அன்பு வாலுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

இனிமேல் பேய்க்கதை கேட்காதே. வரும் திங்கட்கிழமையோடு அது தீர்ந்துவிடும். குளிரறைக்கு வெளியே பெரிய தாழ்ப்பாள் அடிக்க மேனேஜரம்மா உத்தரவு போட்டுவிட்டார். சாப்பாட்டு மணி அடித்ததும் காவலாளி பலகையைப் பார்ப்பார். டோக்கன் ஒன்றும் இல்லையென்றால் தாழ்ப்பாளைப் போட்டுவிடுவார். ஆட்களுக்கும் அதுதான் நிம்மதி.

ஸ்வெட்டர் இன்னும் கிடைக்கவில்லை.

அம்மா


ஆகஸ்ட் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நலம் என்று தூக்குவண்டி அக்கா சொன்னார். நீ சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் நாங்கள் திரும்ப அழைத்தபோதும் நீ போனை வாங்கவில்லை. அதனால் என் பக்கத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று, திங்கட்கிழமை, மத்தியானத் தபாலில்தான் உன் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தேன். கேட்டதற்குப் பதில் இல்லை. இல்லாத பதில்தான் பதில் என்று அப்போதுதான் உறைத்தது. நேராக வார்டன் அறைக்கு ஓடினேன்.

அவர் ஜன்னலோரம் பிடரியில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் செக்கச்செவேல். நான் தட்டாமல் நுழைந்ததற்குத் திட்ட வாயெடுத்தவர், என் மூஞ்சியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எங்கம்மாதான் அந்தப் பேய், டோக்கன் மாட்டாமல் உள்ளே போகிறாள், இன்றிலிருந்து வெளியே தாழ்ப்பாள் என்று என்னவோ உளறினேன். வார்டன் உன் கடிதங்களைக் கேட்டார். கரைந்த மையைப் பார்த்தார், இரண்டு முறை எழுதிய வரியைப் பார்த்தார். உன் வயதைக் கேட்டார். விசிறுவதை நிறுத்திவிட்டு, எழுந்து போய் அலமாரியைத் திறந்து என் போனைக் கையில் கொடுத்தார்.

உன் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கிடங்கு எண்ணுக்குப் போட்டோம். காவலாளி அண்ணன் எடுத்தார். உன்னைக் கேட்டேன். சூப்பர்வைசர் அக்கா இடத்தில் இல்லை, கை கழுவப் போயிருப்பாங்க என்றார். குளிரறை என்றேன்.

"பலகை காலி பாப்பா. உள்ள யாரும் இல்ல. இப்பதான் தாழ்ப்பாள் போட்டுட்டு வந்து உக்காந்தேன்."

"பலகையப் பாக்காதீங்கண்ணே. கதவத் தொறங்க."

அவர் சிரித்தார். பேய் வெளியே வந்தா நீ பிடிச்சுக்கிறியா என்றார். வார்டன் என் கையிலிருந்து போனை வாங்கினார். நான் இத்தனை நாள் நடித்துக் கேலி செய்த அதே குரலில், "முதல்ல தொறங்க. அப்புறமாச் சிரிங்க" என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டார். அண்ணன் போனும் கையுமாக நடக்க, நான் கேட்டது: செருப்புச் சத்தம். இரும்பு உராயும் சத்தம். உள்ளே இருக்கிற பெரிய மின்விசிறியின் இரைச்சல் திடீரென்று காதை அடைத்தது. பிறகு தூக்குவண்டி அக்கா, பேயைப் பார்த்தவள் மாதிரி இல்லை, தொலைந்த பிள்ளையைப் பார்த்தவள் மாதிரி, "அக்கா... நீங்களா?" என்றார். இணைப்பு அறுந்துவிட்டது.

வார்டன் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் இப்படி வருமாம். நெஞ்சிலிருந்து ஒரு தீ கழுத்துக்கு ஏறும், நனைந்து போகும், பிறகு நடுங்கும். தூக்கம் கெடும். வாயில் இருக்கிற வார்த்தையே மறந்துபோகும். நோய் இல்லை, ஆனால் சும்மா சகித்துக்கொண்டு கிடக்கவும் வேண்டாம், டாக்டரிடம் மருந்து உண்டு. "எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. எனக்கு வந்ததத்தான் நீ ஊருக்கே நடிச்சுக் காட்டுனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

எழுது அம்மா.
வாலு


ஆகஸ்ட் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா? நலமா? நலமா? உன்னைப் போலவே நானும் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், பார்.

வார்டன் போனிலிருந்து கூப்பிட்டாலும் 'வேலையா இருக்கேன்' என்று வைத்துவிடுகிறாய். எழுத வார்த்தை வரவில்லையென்றால் பரவாயில்லை. ஒரு வெள்ளைத் தாளில் உன் வலது கையை வைத்து, பேனாவால் சுற்றி வரைந்து அனுப்பு. விரலை எண்ணிப் பார்த்து நீ நலம் என்று தெரிந்துகொள்கிறேன்.

உன் கைக்காக முதுகைக் காட்டிக் காத்திருக்கும் மகள்,
வாலு


செப்டம்பர் 10

அன்பு வாலுக்கு,

நலம் என்று எழுத வந்தேன். இந்தத் தடவை அப்படி எழுதவில்லை. நலமாகிக்கொண்டிருக்கிறேன்.

மறுபக்கத்தில் கையை வரைந்திருக்கிறேன். சுண்டுவிரல் தாளை விட்டு வெளியே போய்விட்டது.

ஒரு வருஷமாகவே இருந்தது. வேலையிடத்தில் எங்களுக்குக் கொடுக்கிற அந்தத் தடித்த ரப்பர் கோட்டுக்குள் திடீரென்று யாரோ அடுப்பு மூட்டிய மாதிரி. ஒருநாள் தாங்க முடியாமல் குளிரறைக்குள் போய்க் கோட்டைக் கழற்றினேன். என் மேலிருந்தே ஆவி எழுந்தது. கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்பாடா என்று இருந்தது. டோக்கனை மாட்டினால் எதற்குப் போனாய் என்று கேட்பார்கள். பெரியம்மாவுக்கு நடந்தது எனக்கும் நடக்கும். இந்த வேலையை நம்பித்தானே நீ அங்கே இருக்கிறாய். அதனால் மாட்டவில்லை. பேய் என்று அவர்கள் பேச ஆரம்பித்ததும் எனக்கு வசதியாகிவிட்டது. உனக்கும் கதையாக எழுதினேன். எழுத எழுத, அது நான் இல்லை என்றே தோன்றியது.

அந்தத் திங்கட்கிழமை தாழ்ப்பாள் அடிக்கப்போவது எனக்குத் தெரியும்தானே. நானே உனக்கு எழுதியிருந்தேன். ஆனாலும் மணி அடித்ததும் வழக்கம்போல் உள்ளே போயிருக்கிறேன். மறந்தேனா, என்னையும் மீறிப் போனேனா, தெரியாது. வெளியே இரும்பு உராயும் சத்தம் கேட்டபோதுதான் புரிந்தது. தட்டினேன். அந்தக் கதவை ஒட்டி நின்றால்தான் உள்ளே தட்டுவது வெளியே கேட்கும், அங்கே யாரும் இல்லை. போன் மேசையில் இருந்தது. உள்ளிருந்து தள்ளுகிற பிடி இருந்தும் தாழ்ப்பாளுக்கு முன்னால் பயனில்லை. சூடு இறங்கிக் குளிர் ஏறியது. கோட்டைப் போட்டுக்கொண்டேன், பொத்தான் மாட்ட விரல் கேட்கவில்லை.

அப்போது கதவில் அந்த இடது கை புதிதாகப் பதிந்திருந்ததைப் பார்த்தேன். வாலு, அது என்னுடையது இல்லை. நான் ஒருநாளும் இடது கையை வைத்ததில்லை, எனக்கு மோதிரமும் கிடையாது. முன்பு அதைக் கண்டு பயந்தவள்தான். அன்றைக்குப் பக்கத்தில் என் கையை வைத்துக்கொண்டேன். யாரோ கூட நிற்கிற மாதிரி இருந்தது. கதவு திறக்கும்வரை அப்படியே நின்றேன்.

வெட்கம்தான் என்னை எழுத விடவில்லை. பிறகு டாக்டரிடம் போனேன். மருந்து கொடுத்திருக்கிறார். மறுநாள் மேனேஜரம்மாவிடம் போய்ப் பேசினேன். எனக்கு மாதவிடாய் நிற்கிற காலம், எடையும் எண்ணும் என் கையில் தப்பவில்லை, தப்பாமல் இருக்க எனக்குப் பருத்திக் கோட்டும், மேசைக்கு ஒரு மின்விசிறியும், முடியாதபோது கொஞ்ச நேரம் வெளியே போய்வர அனுமதியும் வேண்டும் என்றேன். பெரியம்மாவைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றும் சொன்னேன். சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. விரலில் கிடந்த மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், "எல்லாருக்கும் பருத்தியே எடுத்துரலாம்" என்றார். பெரியம்மா பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். தாழ்ப்பாளை அன்றைக்கே கழற்றினார்கள்.

உன் ஸ்வெட்டர் கிடைத்துவிட்டது. ஃப்ரிட்ஜில் காய்கறிக்கு மேல் அழகாக மடித்து வைத்திருந்திருக்கிறேன். அனுப்பியிருக்கிறேன்.

அம்மா


செப்டம்பர் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். ஸ்வெட்டர் வந்தது. போட்டால் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது, மனப்பிரமையாக இருக்கும்.

உன் கையைக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். குட்டிகள் அதற்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள். பேய்க்காட்சிக்கு மூடுவிழா நடத்திவிட்டேன். காலைக் கூட்டத்துக்கு முன்னால் நானும் இன்னொருத்தியுமாக வார்டன் மேசையைத் தூக்கி மின்விசிறிக்கு நேர் கீழே போட்டோம். அவர் வந்து பார்த்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "சைலன்ஸ்" என்றார். நான் வாயே திறக்கவில்லை, ஆனாலும் சொன்னார். போன் திரும்பக் கிடைத்துவிட்டது. இருந்தாலும் உனக்குக் கடிதம்தான். போனில் நீ பொய் சொல்லுவாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இடது கை. பட்டையான மோதிரம். பேயைக் கண்டு எல்லோரையும்விட அதிகமாகப் பயந்து தாழ்ப்பாள் அடிக்கச் சொன்ன ஆள். 'சுற்றிக்கொண்டே இருந்தார்' என்று நீயே எழுதியிருக்கிறாய். துப்பறியும் வாலு கேட்கிறாள்: அது யார்?

பதில் தெரிந்துகொண்டே கேட்கும்,
வாலு


அக்டோபர் 5

அன்பு வாலுக்கு,

நலம். நிஜமாகவே. நேற்று விடியும்வரை தூங்கினேன்.

நீ கேட்டது எனக்கும் தெரியும். எழுதமாட்டேன். நீயும் எழுதாதே.

இப்போதெல்லாம் நான் உள்ளே போனால் என் டோக்கனை மாட்டிவிட்டுத்தான் போகிறேன். தூக்குவண்டி அக்கா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, கை காட்டிவிட்டுப் போவாள். பருத்திக் கோட்டுகள் வந்துவிட்டன. பெரியம்மா இன்னும் மூட்டை கட்டுகிற இடத்தில்தான் இருக்கிறார். நான் அதை விடுவதாக இல்லை.

பலகையின் கடைசி ஆணி எப்போதும் சும்மாவே கிடக்கும். போன வாரம் எண் போடாத ஒரு டோக்கனை, பலகைக்குக் கீழே இருக்கும் திட்டில் வைத்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அது அங்கேயே கிடந்தது.

இன்று மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போன பிறகு அந்தப் பக்கம் வந்தேன். கடைசி ஆணியில் அந்த டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

நான் கண்ணாடி வழியாகப் பார்க்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு வெளியே போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். ஆட்கள் வந்தால் வேறு பக்கம் அனுப்பலாம் என்று. கொஞ்ச நேரத்தில் கதவின் உள்பக்கமிருந்து ஒரு தட்டு கேட்டது, மெதுவாக, மோதிரம் இரும்பில் படுகிற மாதிரி. இருக்கிறாயா என்று கேட்பதுபோல்.

நானும் ஒரு தட்டு தட்டினேன்.

அம்மா